ஐந்தாவது பாட்டில்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி வரப்போவதில் தங்கம் இருக்கிறது, கடல் இருக்கிறது, காரில் வந்திறங்கும் பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார். படிக்கிறவர்கள் என்னை ஏதோ சாகசக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தெருக்கோடியில் நின்றால் கடல் தெரியும். ஆனாலும் கணுக்காலுக்கு மேல் அதில் இறங்க மாட்டேன். பத்து வயதில் ஒரு அலை என்னை வாரிக்கொண்டு போனது. யாரோ ஒரு புண்ணியவான் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். அன்றைக்குக் குடித்த உப்புத் தண்ணீரின் கரிப்பு இன்னும் தொண்டையில் இருக்கிறது. அதற்குப் பிறகு கூடப் படித்த பையன்கள் எனக்குப் பூனை என்று பெயர் வைத்தார்கள். அதற்காக நான் கோபப்பட்டதில்லை, பூனை புத்திசாலி.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கிய கையோடு, துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று அறை, ஒரு உலை, ஒரு தராசு, ஒரு மைக்ராஸ்கோப். கப்பலில் வந்த நிலக்கரியில் சாம்பல் எவ்வளவு, கடலை எண்ணெயில் கலப்படம் உண்டா, மில் பாய்லரில் விடும் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். என் முதலாளியும் கெமிஸ்டுதான். அறுபதைத் தாண்டியவர், மூக்குப்பொடி போடுகிறவர், வாயைத் திறந்தால் வசவு. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்ததால் மைக்ராஸ்கோப் என் பொறுப்பு, அதில் பார்த்ததற்குக் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. அந்தக் கையெழுத்து எவ்வளவு கனமானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் ஒரு காண்ட்ராக்டர் வந்தார். யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு மரமும் கயிறும் சப்ளை செய்து பெரிய ஆளாகியிருந்தவர். கடல் தண்ணீரில் தங்கம் கரைந்திருக்கிறது என்று எங்கோ படித்திருக்கிறார்.

"இருக்கு. ஆனா இருக்கிறதா சொல்லிக்கலாம், எடுக்க முடியாது. ஐரோப்பாவிலே பெரிய பெரிய ஆளெல்லாம் தலைகீழா நின்னு பார்த்துட்டு விட்டுட்டாங்க" என்றார் முதலாளி.

"அவன் கடல் வேற, நம்ம கடல் வேற சார். கொசஸ்தலை ஆறு அத்தனை மலையையும் கழுவிக்கிட்டு எண்ணூர்ல வந்து கொட்டுது. நீங்க அளந்து மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

கழிமுகத்துக்கு உள்ளே இரண்டு இடம், முகத்துவாரத்தில் ஒன்று, வெளியே கடலில் இரண்டு. ஐந்து இடத்திலிருந்து ஐந்து பெரிய கண்ணாடி பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். யார் போவது? கண்ணில் புரை விழுந்த கிழவரா? மறுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கடல் என்றால் பயம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் நான்கு பாட்டில்தான் பிடித்தது. ஐந்தாவதைக் கையில் பிடித்துக்கொண்டு காலை ரயிலில் எண்ணூர் போய் இறங்கினேன். முகத்துவாரத்தை ஒட்டி ஒரு குப்பம். காண்ட்ராக்டரின் ஆள் ஏற்பாடு செய்திருந்த படகுக்காரர் எனக்காகக் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அலை தூக்கிகினு கீது சார். கொஞ்சம் அடங்கட்டும். வூட்ல வந்து குந்து" என்றார்.

பெட்டியையும் பாட்டிலையும் அவர் குடிசைக்குள் வைத்தோம். அவர் மனைவி ஒரு சட்டியில் கேவுரு கூழும் கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சட்டியை நான் நகர்த்தி வைத்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது?"

"ஒண்ணுமில்லக்கா. கடலுக்குள்ள போனது கிடையாது."

"நீச்சலு?"

"தெரியாது."

அவள் 'ச்சு' கொட்டினாள். "குடிக்கத் தண்ணி எட்தாந்தியா?"

"இல்ல. இந்த பாட்டில்தான் இருக்கு."

அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அரை மணி நேரம் மணலில் நின்று அலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியாது. அதுதான் இத்தனைக்கும் ஆரம்பம்.

படகில் போனதைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை, ஏனென்றால் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். முகத்துவாரத்தைத் தாண்டும்போது படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, அடுத்த நிமிஷம் தண்ணீரைப் பார்த்தது. ஐந்தாவது பாட்டிலை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். தெரியாத சாமிகளையும் பொதுவாகக் கும்பிட்டேன். படகுக்காரரும் கூட வந்த அவருடைய பங்காளியும் துடுப்பை வலித்துக்கொண்டே சிரித்தார்கள்.

"பாட்டில வுட்டுட்டு படக புட்சிக்க சார். பாட்டிலு உன்ன காப்பாத்தாது."

எப்படியோ ஐந்தையும் நிரப்பித் தக்கை வைத்து மூடிக் கரை சேர்ந்தேன். மணலில் கால் பட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

தங்கத்தை அளக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீரில் கொஞ்சம் அமிலம் விட்டு, ஈய உப்பைக் கரைத்து, அதைக் கறுப்பு வண்டலாக அடியில் படிய வைப்போம். தண்ணீரில் தங்கம் இருந்தால் வண்டல் அதையும் இழுத்துக்கொண்டு கீழே போகும். வண்டலை உலர்த்தி உலையில் உருக்கினால் ஈயக் குண்டு ஒன்று கிடைக்கும். அதை எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி சூடேற்ற வேண்டும். ஈயத்தையெல்லாம் கிண்ணமே குடித்துவிடும். அது குடிக்காமல் விடுவது வெள்ளியையும் தங்கத்தையும்தான். வெள்ளியை அமிலத்தில் கரைத்துவிட்டால் மிஞ்சுவது தங்கம். தராசுக்கு அகப்படாத அளவு அது. மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதன் குறுக்களவைப் பார்த்துத்தான் எடையைக் கணக்கிட வேண்டும்.

ஐந்து கிண்ணத்திலும் இருந்தது. ஊசிமுனையைவிடச் சிறிய, மஞ்சளான, உருண்டையான பொட்டு. நம்பாமல் மூன்று தடவை குனிந்து பார்த்தேன். நாங்கள் போட்ட ஈயத்திலேயே தங்கம் ஒளிந்திருக்கலாம் என்று வெறுந்தண்ணீரை வைத்து ஒரு சோதனையும் செய்தேன். அதில் ஒன்றுமில்லை. அப்படியானால் இது கடல் கொடுத்தது. கையெழுத்துப் போட்டேன்.

இப்போது யோசித்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. கழிக்குள் எடுத்ததிலும் நடுக்கடலில் எடுத்ததிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அது எப்படி என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? வெறுந்தண்ணீரை எங்கள் ஜாடியிலிருந்து எடுத்து நேரே சோதித்தேனே ஒழிய, எண்ணூருக்குப் போய்வந்த அந்த ஐந்து பாட்டிலில் ஊற்றிப் பார்க்கவில்லை. கெட்டிக்காரத்தனம் தலைக்கேறியிருந்தது. காண்ட்ராக்டர் லட்டு வாங்கிக்கொண்டு வந்தார், நான் நான்கு தின்றேன்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். கூடத்தின் வாசலில் அந்தப் படகுக்காரர் வந்து நின்றார். மேலே துண்டு போட்டு, தலை வாரியிருந்தார்.

"சார், உங்கள வுட்டா எனுக்குப் படிச்ச ஆளு யாரும் தெர்யாது. ஒரு மனு எய்திக் குடுக்கணும்."

"என்ன மனு?"

"கரையில முள அட்ச்சிட்டாங்கோ சார். படகு இஸ்து வெக்கிற எடம், வலை காய வெக்கிற எடம், அல்லாத்தயும் சேத்து. வேலி போடப் போறாங்களாம். ஏதோ தொட்டி கட்டப் போறாங்களாம். கேட்டா காயிதத்த காட்றாங்கோ. படகு ஏத்த கர இல்லாம நாங்க எங்க சார் போவோம்?"

கடல் தண்ணீரைத் தேக்கித் தங்கம் எடுக்கக் காண்ட்ராக்டர் கட்டப்போகும் தொட்டிதான் அது. அவர்கள் காட்டிய காகிதத்தின் அடியில் என் கையெழுத்து இருந்திருக்கும். இது என்னால் வந்தது என்று அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை நான் படகில் சாமி கும்பிட்டுக்கொண்டு வந்த நல்ல பிள்ளை. என் கையாலேயே மனு எழுதினேன். 'மேற்படி கரையை நம்பியே எங்கள் குடும்பங்கள் பிழைத்து வருகின்றன' என்று எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போனது. அவர் கைநாட்டு வைத்துவிட்டு, "நல்லா இருப்ப சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் காண்ட்ராக்டர் இன்னும் அதிக இடங்களில் தண்ணீர் எடுக்கச் சொன்னார். மூலையில் கிடந்த அந்தப் பழைய பாட்டில்களைக் கழுவ எடுத்தேன். சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றிக் குலுக்கினேன். பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு சிவப்பு வளையம் எழும்பியது. அடுத்த பாட்டிலிலும் அதே சிவப்பு. தக்கைகளின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டேன், அங்கேயும் சிவப்பு. முதலில் ரத்தம் என்று நினைத்து உதறிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. கல்யாண வீட்டு வாசலில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்து ஆலத்தி எடுக்கிறார்களே, அந்தச் சிவப்பு. பாட்டிலுக்குள் மஞ்சள் எப்படி வந்தது?

தக்கைகளின் அடியைச் சுரண்டி, ஈயத்தோடு சேர்த்து உலையில் வைத்தேன். கிண்ணத்தில் தங்கம் இருந்தது. நான் கடலை அளக்கவில்லை. வேறு எதையோ அளந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் போனேன். படகுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். கரையில் வரிசையாக முளைகள், தலையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து. அவள் குடிசை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு அந்த பாட்டில்ல மஞ்சள் தடவினீங்களா?"

"ஆமா. இன்னா இப்போ?" என்றாள். ஒளிக்கவே இல்லை. உள்ளே போய் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கல்லை எடுத்துவந்து காட்டினாள். "இது எங்க வூட்டு வயக்கம் நைனா. ஆம்பள கடலுக்குப் போற அன்னிக்கு மஞ்சள இதுல உரசி, அதுமேல தாலியவும் ரெண்டு இயுப்பு இயுத்து, அவரு குடிக்கிற தண்ணிப் பானையோட வாயில தடவி அனுப்புவோம். தங்கம் வாயில பட்டா கடலு தொடாது. நீ தான் தண்ணி எட்தார்லயே, வெறும் பாட்டிலு தான வெச்சிருந்த. அதான் அதுல தடவுனேன். அஞ்சுலயும்."

கழுத்திலிருந்த தாலியை எடுத்துக் காட்டினாள். ஒரு ஓரம் முழுக்கத் தேய்ந்து மழுங்கியிருந்தது. எத்தனை வருஷத்துத் தேய்மானமோ.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியாது. "அக்கா, அந்தத் தங்கத்தைத்தான் நான் கடல்ல இருக்கிற தங்கம்னு எழுதிக் குடுத்துட்டேன். அதை நம்பித்தான் அவங்க முளை அடிச்சிருக்காங்க."

அவள் திரும்பி முளைகளைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"எங்க வூட்டுக்காரருக்குத் தெர்ய வாணாம். குப்பத்துல தெரிஞ்சா என்ன உசுரோட வுட மாட்டாங்கோ. அல்லாரு கரையும் என்னால போச்சுன்னு..."

"தெரியாது. நான் சொல்ல மாட்டேன். மறுபடியும் தண்ணி எடுக்க ஏற்பாடு பண்றேன். ஆனா இந்தத் தடவை நீங்க உரசக் கூடாது. பாட்டில்லயும் கூடாது, அண்ணனோட பானையிலயும் கூடாது. பானையில தொட்ட கை பாட்டிலைத் தொட்டாலே போதும், எல்லாம் கெட்டுடும்."

"உரசாம அந்த மனுசன எப்டி நைனா அனுப்புறது?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் புள்ள பெத்துப் பட்த்துகினு இருந்த ஒரு நாளு, உரச ஆளில்ல. அன்னிக்கு அண்ணனும் தம்பியுமா போனாங்கோ. இவரு மட்டும் தான் நீஞ்சி வந்தாரு."

படித்தவன் என்ற தோரணையில் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படகில் ஒரு சாமி விடாமல் கும்பிட்டவன் நான். கடைசியில் அவள் கல்லைக் கவிழ்த்து வைத்தாள்.

"செரி. உரசல. கர நிக்கட்டும்" என்றாள்.

முதலாளியிடம் சொன்னது அடுத்த பயம். பாட்டில்களை என் வீட்டில் வைத்துக் கழுவியதாகவும், கழுவிய பெண்களின் கை மஞ்சளும் வளையல் தங்கமும் ஒட்டிக்கொண்டதாகவும் பொய் சொன்னேன். அவர் பொடி டப்பாவைத் தூக்கி எறிந்தார். என் காதோரம் போய்ச் சுவரில் பட்டது.

"மடையா! ஒருத்தன் தண்ணியிலே தங்கத்தைப் போட்டு ஏமாத்தினதா அந்த ஆள் போலீஸ்ல எழுதிக் குடுத்தா உள்ள போறது யாரு? நீயா, நானா?"

ஜெயில் என்ற நினைப்பே எனக்கு அதுவரை வரவில்லை. என்னை விடுங்கள், அவள் பெயர் வெளியே வந்தால் அவளை அல்லவா இழுத்துக்கொண்டு போவார்கள்? வாயை இறுக மூடிக்கொண்டேன்.

காண்ட்ராக்டர் நம்பவில்லை. யாரோ தன் போட்டியாளன் எனக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டான் என்று கத்தினார். கடைசியில் தன் கண் முன்னாலேயே எல்லாம் நடக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். பாட்டில்களை அவர் எதிரிலேயே கழுவினேன். முதலாளி புதிதாக ஐந்து தக்கை வாங்கிக்கொண்டு வந்தார். காண்ட்ராக்டரின் காரிலேயே எண்ணூர் போனோம். கொஞ்சமாவது தங்கம் காட்டினால் வேலி வரும், குப்பம் கரையை இழக்கும். ஒன்றுமே காட்டாவிட்டால் நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்பார். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் மணலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டே என்னைக் கண்காணித்தார். அவள் தூரத்தில் மற்றப் பெண்களோடு நின்றாள். படகுக்காரர் மனைவி பக்கம் ஒரு முறை திரும்பினார், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பானை அப்படியே படகில் ஏறியது. பெட்டியை ஏற்றினார்கள். நான் ஐந்தாவது பாட்டிலோடு ஏறப் போனேன். ஒரு அலை வந்து முழங்காலில் மோதியது, தடுமாறினேன். யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். அவள்தான். எப்போது ஓடிவந்தாளோ.

"ஏறு நைனா, பயப்படாத" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டாள். நான் நாலு காலில் தவழ்ந்து படகுக்குள் போய் உட்கார்ந்ததும் அதை என் மடியில் வைத்தாள். அலைச் சத்தத்தில் எனக்கு வேறு எதுவும் கவனமில்லை. போனோம், வந்தோம். பயம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை.

மறுநாள் காலை கூடத்தில் காண்ட்ராக்டர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உலைக்குப் போகுமுன் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் ஊற்றி, சுண்ணாம்புத் தண்ணீர் விட்டேன். முதலாவது பால் மாதிரி வெளுத்தது. கடல் தண்ணீர் அப்படித்தான் வெளுக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும் வெளுத்தன. எனக்கு மூச்சு வந்தது. ஐந்தாவதில் விட்டேன். மெல்லச் சிவந்தது.

ஐந்தாவது பாட்டில். என் மடியில் இருந்தது. அவள் கையால் வாங்கிக் கொடுத்தது.

"என்னய்யா இது?" என்றார் காண்ட்ராக்டர்.

"தக்கை சார். பழைய தக்கை ஒண்ணு கலந்துடுச்சு போலிருக்கு."

"சரி, அஞ்சையும் போடு. ஒண்ணையும் தள்ளக் கூடாது."

மூன்று நாள் நடந்த வேலை அது. அந்த மூன்று நாளும் நான் நடமாடிய பிணம். ஏனக்கா இப்படிச் செய்தாய், கரை நிற்கட்டும் என்றாயே என்று மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஐந்து கிண்ணங்களையும் வரிசையாக வைத்தேன். காண்ட்ராக்டர் தானே மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். முதல் நான்கில் ஒன்றுமே இல்லை. ஐந்தாவதில் வெகு நேரம் குனிந்திருந்தார். இருந்தது. மஞ்சள் பொட்டு.

நிமிர்ந்தபோது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அவர் முட்டாள் இல்லை.

"சிவந்ததுல மட்டும்தான் இருக்கு" என்றார்.

முதலாளி மெதுவாகச் சொன்னார்: "மஞ்சள் இருக்கிற இடத்தில்தான் தங்கம் இருக்கு சார். நாலு பாட்டில் கடல் தண்ணியில ஒண்ணும் இல்லை. முன்னால அஞ்சும் சிவப்பு. அதான் அஞ்சுலயும் இருந்தது."

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. ஐந்துமே வெறுமையாக வந்திருந்தால் அந்த மனிதர் என்னை நம்பியிருக்கவே மாட்டார். சிவந்த அந்த ஒன்றுதான் அவர் வாயை அடைத்தது. "போலீஸுக்குப் போவேன்" என்று கொஞ்ச நேரம் குதித்தார். ஆனால் ஊர் முழுக்கக் கடல் தங்கம் என்று பெருமையடித்து வைத்திருந்தவர், மஞ்சள் கதை வெளியே போனால் சிரிப்பாய்ச் சிரித்துவிடுவார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். பத்து நாளில் முளைகளைப் பிடுங்கிவிட்டார்கள்.

அவர் போனதும் முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அஞ்சும் புதுத் தக்கை. நான்தானே வாங்கிட்டு வந்தேன். யாரைடா காப்பாத்தறே?"

நான் உலையை அணைக்கப் போனேன். அவர் மேலே கேட்கவில்லை. மாதக் கடைசியோடு வேலையை விட்டு நிறுத்திவிட்டு, பெரம்பூரில் இன்னொரு இடத்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

போகுமுன் ஒரு முறை எண்ணூர் போனேன். முளை இருந்த இடத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"உரசலன்னு சொன்னியே அக்கா. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகியிருந்தா கரை போயிருக்கும். அண்ணன் பானையில உரசினியா?"

"இல்ல. சொன்னா சொன்னதுதான். அவர வெறுமன தான் அனுப்புனேன்."

"அப்புறம் என் பாட்டில்ல மட்டும் ஏன் தடவுன?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

"அவரு வுயுந்தா நீஞ்சி வந்துருவாரு. நீ வுயுந்தா?"

சொல்லிவிட்டுக் கருவாட்டைப் புரட்டப் போய்விட்டாள். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். சொந்தப் புருஷனை வெறும் பானையோடு அனுப்பிவிட்டு, கரையே போனாலும் போகட்டும் என்று, எந்த ஊரோ எந்த வீட்டுப் பிள்ளையோ என்று தெரியாத எனக்காக அந்தத் தாலி தேய்ந்திருக்கிறது. எவ்வளவு தேய்ந்தது என்று அவளுக்குக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்று காண்ட்ராக்டர் போன பிறகு, ஐந்தாவது கிண்ணத்துப் பொட்டை நான் மைக்ராஸ்கோப்பில் வைத்து அளந்து எழுதி வைத்தேன்.